வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும் மருந்து

ஒரு காகிதப் பையை எடுத்து, அதில் இரண்டு அங்குலத்துக்கு ஓர் ஓட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். கையைப் பைக்குள் விட்டு, ஓட்டை வழியாகத் தெரிகிற அந்தத் துண்டுத் தோலை மட்டும் பத்து நிமிடம் வெயிலில் காட்ட வேண்டும். அப்புறம் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். மறுநாள் அதே நேரம் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்: சிவக்கிறதா, வீங்குகிறதா, கொப்புளம் கிளம்புகிறதா. ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நடமாடலாம். ஏதாவது தெரிந்தால் இன்னும் இரண்டு வாரம் திரைச்சீலைக்குப் பின்னால்தான், அதற்கப்புறம் மறுபடியும் பை, மறுபடியும் பத்து நிமிடம்.

கேட்டால் ஏதோ கைவைத்தியம் போல இருக்கும். அமெரிக்காவில் போட்டோஃபிரின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு, ஒரு மாதம் போன பிறகு வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லிக்கொடுத்த பரிசோதனை இது. அவர்களில் யாருக்கும் தோல் வியாதி கிடையாது. சிகிச்சை நடந்ததோ உணவுக்குழாயின் அடிப்பகுதியில், நெஞ்சுக்கூட்டுக்கு உள்ளே, வெயில் எட்டிப் பார்க்கவே முடியாத இடத்தில். பிறகு ஏன் கைத்தோலை வெயிலில் காட்டிச் சோதிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் ஒளியால் இயங்கும் மருந்துச் சிகிச்சை, அதாவது போட்டோடைனமிக் தெரபி, ஏன் உணவுக்குழாய் மருத்துவத்தில் அவ்வளவு ஆரவாரமாக வந்தது, ஏன் பத்து வருடத்துக்குள் ஓரத்துக்குப் போனது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். இந்தச் சிகிச்சையைப் பற்றி வரும் செய்திகள் எல்லாமே ஒரே மாதிரிதான் எழுதப்படுகின்றன. மருந்து புற்றுநோய் செல்லைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், லேசர் அதை எரித்துவிடும், நல்ல செல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் அந்த மருந்துக்கு விலாசம் அவ்வளவாகத் தெரியாது. அது உடம்பு முழுக்கப் போகும், தோலிலும் தங்கும். எங்கே வேலை நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது வெளிச்சம்தான், அந்த வெளிச்சத்தை எங்கே அடிப்பது என்று முடிவு செய்கிற மருத்துவரின் கைதான்.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். நம் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். உள்பக்கம் தோலைப் போலவே தட்டையான செல்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், எண்டோஸ்கோப்பியில் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தெரியும். இட்லியோ எலும்போ உரசிக்கொண்டு போனால் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. இரைப்பையின் அமிலம் வருடக்கணக்கில் மேலே ஏறி வந்துகொண்டே இருந்தால், அதாவது எதுக்களிப்பும் நெஞ்செரிச்சலும் தீராத துணையாக இருந்தால், சிலருக்கு அந்தச் செல்கள் மாறிவிடுகின்றன. குடலின் உள்சுவரில் இருக்க வேண்டிய மாதிரியான உயரமான, சளி சுரக்கும் செல்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஸ்கோப்பில் பார்த்தால் இரைப்பையிலிருந்து மேல்நோக்கிச் சிவந்த நாக்குகள் நீண்டிருப்பது போல இருக்கும். இதற்குத்தான் பாரெட் உணவுக்குழாய் என்று பெயர்.

பெயரைக் கொடுத்த நார்மன் பாரெட், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்து லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த அறுவை மருத்துவர். வேடிக்கை என்னவென்றால், 1950இல் அவர் எழுதிய கட்டுரையில் இது உணவுக்குழாயே இல்லை, நெஞ்சுக்குள் இழுக்கப்பட்ட இரைப்பை என்றுதான் வாதிட்டார். 1953இல் ஆலிசன், ஜான்ஸ்டோன் என்ற இருவர் இல்லை, இது உணவுக்குழாய்தான், உள்பூச்சுதான் மாறியிருக்கிறது என்று காட்டினார்கள். பாரெட்டும் 1957இல் ஒத்துக்கொண்டார். முதலில் தவறாகச் சொன்னவரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

இந்த மாற்றம் வந்தவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வெறும் பாரெட் மட்டும் இருப்பவர்களில் வருடத்துக்கு 1000 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு, சில ஆய்வுகளின்படி மூன்று பேர் வரை, புற்றுநோய் வருகிறது. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினால் நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து ஒரு தரம் சொல்லுவார். செல்கள் வரிசை குலைந்து, கரு பெருத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் அது டிஸ்பிளேசியா. அதில் லேசானது ஒன்று, தீவிரமானது ஒன்று. தீவிர டிஸ்பிளேசியா என்று வந்துவிட்டால் கணக்கே வேறு: வருடத்துக்கு 100 பேரில் ஆறேழு பேருக்குப் புற்றுநோயாக மாறுகிறது. பாரெட்டில் வரும் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல் வகைப் புற்றுநோய், முக்கியமாக மேற்கு நாடுகளின் தலைவலி. ஐம்பது தாண்டிய, வயிற்றில் தொப்பை போட்ட, புகைபிடித்த வெள்ளைக்கார ஆண்கள்தான் அதன் வழக்கமான நோயாளிகள். இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு தட்டைச்செல் வகையைச் சேர்ந்தது. புகையிலை, மது, வெற்றிலைபாக்கு எல்லாம் அதன் கூட்டாளிகள். ஆகவே இந்தக் கதை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பது.

1990களில் தீவிர டிஸ்பிளேசியா என்று ரிப்போர்ட் வந்த ஒருவருக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் போட்டு, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நாலு பக்கமும் சதை எடுத்துப் பார்த்துக்கொண்டே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது. இன்னொன்று, உணவுக்குழாயையே அறுத்து எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பது. இது சாதாரண ஆபரேஷன் கிடையாது, கைதேர்ந்த மருத்துவமனைகளிலேயே நூற்றில் சிலர் இறந்துவிடுவார்கள், பிழைத்தவர்களும் பழையபடி வயிறாரச் சாப்பிட மாட்டார்கள். இன்னும் புற்றுநோயே வராத ஓர் ஆளுக்கு, அரை மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள ஒரு பூச்சு கெட்டுப்போனதற்காக, முழுக் குழாயையும் எடுப்பதா என்பதுதான் எல்லோரையும் உறுத்திய கேள்வி. சுவர் நன்றாக இருக்கிறது, சுண்ணாம்பு மட்டும் உரிகிறது என்றால் யாரும் வீட்டை இடிக்க மாட்டார்கள், சுரண்டிவிட்டு மறுபடி பூசுவார்கள்.

அந்தச் சுரண்டலுக்குத்தான் ஒளி வந்தது.

இதன் பூர்வகதை ஜெர்மனியில், மியூனிக்கில் தொடங்குகிறது. ஹெர்மன் ஃபான் டாப்பைனர் என்ற பேராசிரியரிடம் ஆஸ்கார் ராப் என்ற மாணவர் ஒரு வேலையில் இருந்தார். அக்ரிடின் என்ற சாயத்தைத் தண்ணீரில் கலந்து, பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி அதில் எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்ப்பது. அதே சாயம், அதே அளவு, ஆனால் ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் சாகவே இல்லை. கை கோளாறா, சாயம் கோளாறா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டபோதுதான் சாகாத நாளில் இடியும் மழையுமாக வானம் இருண்டு கிடந்தது என்பது கவனத்துக்கு வந்தது. வெளிச்சம் இருந்த நாளில்தான் சாயம் விஷமாகியிருக்கிறது. 1900இல் இதை எழுதி வெளியிட்டார் ராப். பிறகு டாப்பைனர்தான் இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்று காட்டி, இந்த வினைக்குப் பெயரும் வைத்தார்.

வெளிச்சத்தோடு சேர்ந்து வேலை செய்யும் மருந்து நமக்கு ஒன்றும் புதிது கிடையாது. நலங்கு மாவில் போடுகிற கார்போகரிசியை வெண்புள்ளிக்குப் பூசி வெயிலில் காட்டுவது பழைய வைத்தியம், அதில் இருக்கும் சோராலென் என்ற பொருளைத்தான் இன்றைய தோல் மருத்துவரும் புற ஊதாக் கதிரோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார். ஆனால் சோராலென் நேரடியாகச் செல்லின் மரபணு இழையில் போய் மாட்டிக்கொள்கிற சரக்கு, அதற்கு ஆக்சிஜன் தயவு தேவையில்லை. நாம் பேசுகிற சிகிச்சையில் ஆக்சிஜன் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

எப்படி நடக்கிறது என்றால், மருந்தின் மூலக்கூறு போர்ஃபிரின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிற ஹீம், இலையைப் பச்சையாக்குகிற குளோரோஃபில் எல்லாம் இதன் நெருங்கிய சொந்தங்கள், வெளிச்சத்தை உறிஞ்சுவதே இந்தக் குடும்பத்தின் குணம். சரியான நிற ஒளி பட்டதும் மூலக்கூறு உசுப்பப்படுகிறது. அந்த உசுப்பலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கைமாற்றிவிடுகிறது. சாதாரண ஆக்சிஜன் இப்போது சிங்லெட் ஆக்சிஜன் என்ற முரட்டு வடிவத்துக்கு மாறுகிறது. அதன் ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை, பிறந்த இடத்திலிருந்து ஒரு செல்லின் அகலம்கூட நகர முடியாது, அதற்குள் எதைத் தொடுகிறதோ அதைச் சிதைத்துவிடுகிறது. செல்லின் சவ்வு கிழியும், மைட்டோகாண்ட்ரியா கெடும், கூடவே அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் அடைபட்டு மீதியும் பட்டினியால் சாகும். இங்கே சூடு வைத்து எரிப்பது என்பதே இல்லை. லேசர் என்ற சொல்லைக் கேட்டதும் எரிப்பதுதான் நினைவுக்கு வரும், ஆனால் இந்த லேசர் வெறும் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

இந்த மருந்து தோலில் என்ன செய்யும் என்பதற்கு மறக்க முடியாத சாட்சி ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர். 1912இல் அதே குடும்பத்து ஹீமட்டோபோர்ஃபிரினை 200 மில்லிகிராம் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் போனார். முகமும் கையும் அடையாளம் தெரியாதபடி வீங்கின. எடுத்த படங்கள் மருத்துவ நூல்களில் இன்றைக்கும் அச்சாகின்றன. காகிதப் பைச் சோதனையின் பாட்டன் அவர்தான் என்று சொல்லலாம்.

பிறகு நெடுங்காலம் இது ஓர் ஆராய்ச்சிக்கூட வினோதமாகவே கிடந்தது. 1960களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ரிச்சர்ட் லிப்சன் ஹீமட்டோபோர்ஃபிரினைச் சுத்தப்படுத்திய ஒரு கலவையைக் கட்டிகளை ஒளிரவைத்துக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார். அதைச் சிகிச்சையாக நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்த தாமஸ் டோஹர்ட்டி, மருத்துவரே இல்லாத ஒரு வேதியியலாளர். 1978இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 25 நோயாளிகளின் 113 தோல் கட்டிகளில் 111 முழுதாகவோ ஓரளவோ சுருங்கியிருந்தன. அந்தக் கலவையிலிருந்து வந்ததுதான் போர்ஃபிமர் சோடியம், கடைப்பெயர் போட்டோஃபிரின். 1993இல் கனடா சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. 1995 கடைசியில் அமெரிக்கா, புற்றுக்கட்டி உணவுக்குழாயை அடைத்துக்கொண்டு எச்சில்கூட விழுங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு வழி திறந்துவிட அனுமதித்தது. 2003இல்தான் பாரெட்டில் வந்த தீவிர டிஸ்பிளேசியாவுக்கு, அறுவைசிகிச்சை செய்துகொள்ளாதவர்களுக்கு, அனுமதி கிடைத்தது.

சிகிச்சை நடக்கும் விதத்தை ஒரு வாரக் கணக்காகச் சொல்லிவிடலாம். திங்கட்கிழமை காலை ஊசி. பொடி அடர்ந்த சிவப்பும் பழுப்புமாக இருக்கும், குளுக்கோஸ் நீரில் கரைத்து, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மெதுவாக நரம்பில் ஏற்றுவார்கள். 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். அந்த நிமிடத்திலிருந்தே அவர் வெயிலுக்குப் பகையாளி. தொப்பி, முழுக்கை, கையுறை, இருண்ட கண்ணாடி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கொண்டுவந்திருக்க வேண்டும், ஊசி போட வரும்போது மேகமூட்டம், போகும்போது வெயில் என்றால் என்ன செய்வது.

பிறகு 40 முதல் 50 மணி நேரம் காத்திருப்பு. இந்த இடைவெளியில் பல திசுக்களிலிருந்து மருந்து வெளியேறிவிடும், கட்டித் திசுவில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். அதோடு தோலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். மருந்து தானாகத் தேடிப்போகிறது என்று செய்திகள் பெருமையாகச் சொல்வதெல்லாம் இந்தக் கொஞ்சம் கூடுதலைத்தான். பாரெட் பூச்சுக்கும் அதை ஒட்டிய நல்ல பூச்சுக்கும் நடுவே மருந்தின் அளவில் பெரிய வித்தியாசத்தை நம்பிச் சிகிச்சை செய்ய முடியாது.

புதன்கிழமை எண்டோஸ்கோப்பி. ஒரு பலூனை உணவுக்குழாய்க்குள் இறக்கி மெல்ல ஊதுவார்கள். குழாயின் சுவர் மடிப்பு மடிப்பாக இருப்பதால் வெளிச்சம் மடிப்புக்குள் போகாது, பலூன் அதை விரித்துச் சமமாக்கும், லேசர் வெளிச்சத்தைக் கொண்டுவரும் ஒளியிழையும் நட்டநடுவாக நிற்கும். ரொம்ப ஊதினாலும் ஆபத்து, சுவர் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் வராது, ஆக்சிஜன் வராவிட்டால் எவ்வளவு சிவப்பு விளக்கு போட்டும் பயனில்லை. பிறகு 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி, ஒரு சென்டிமீட்டருக்கு 130 ஜூல், ஏறத்தாழ 8 நிமிடம். ஒரு தவணையில் அதிகபட்சம் 7 சென்டிமீட்டர் நீளம். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி ஸ்கோப் விட்டுப் பார்த்து, விட்டுப்போன திட்டுகளுக்கு இன்னொரு முறை, இந்தத் தடவை 50 ஜூல். மருந்து உள்ளே இருப்பதால் மறுபடி ஊசி வேண்டாம்.

ஏன் சிவப்பு? இந்த மருந்து மிக நன்றாக உறிஞ்சுவது 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியைத்தான், சிவப்பை அரைமனசோடுதான் உறிஞ்சும். ஆனால் ஊதா ஒளி திசுவுக்குள் நுழைந்ததுமே ரத்தத்தில் மாட்டிக்கொள்ளும், சிவப்பு உள்ளே போகும். கைவிரல்களுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் விரல் சிவப்பாக ஒளிர்வதை எல்லோரும் சின்ன வயதில் பார்த்திருப்போம், அதே காரணம். இந்தச் சிவப்பு சில மில்லிமீட்டர் ஆழம் வரை வேலை செய்யும் அளவுக்குப் போகிறது. கெட்டுப்போன பூச்சின் தடிமனோ அரை மில்லிமீட்டர்தான். மிச்ச வெளிச்சம் எங்கே போகும்? கீழே இருக்கும் நல்ல திசுவுக்கும் தசைக்கும். அங்கேயும் மருந்து இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது. இந்தக் கணக்குதான் பின்னால் இந்தச் சிகிச்சையின் கழுத்தைப் பிடித்தது.

செத்துப்போன பூச்சு உரிந்து விழுந்த பிறகு, அமிலத்தை ஒமெப்ரசோல் மாத்திரையால் முழுதாக அடக்கி வைத்திருந்தால், புதிதாக முளைக்கும் பூச்சு பழைய தட்டைச் செல்லாகவே வருகிறது. அமிலம் இல்லாத இடத்தில் உடம்பு தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிக அழகாகப் படுவது லேசரை விட இதுதான்.

சரி, பலன் என்ன? டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் இருந்த பெர்கைன் ஓவர்ஹோல்ட் என்பவர் தலைமையில் 30 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுதான் இதற்கு அடித்தளம். 1960களில், பெருங்குடலின் கடைசிப் பகுதியைப் பார்க்க உதவும் வளையும் சிக்மாய்டோஸ்கோப்பை உருவாக்கியவரும் இதே ஓவர்ஹோல்ட்தான். தீவிர டிஸ்பிளேசியா உள்ள 208 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். 138 பேருக்கு ஒளிச் சிகிச்சையும் ஒமெப்ரசோலும், 70 பேருக்கு ஒமெப்ரசோல் மட்டும். 2005இல் முடிவு வெளியானது: சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் தீவிர டிஸ்பிளேசியா முழுதாக மறைந்திருந்தது, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 39 சதவீதம். புற்றுநோயாக மாறியது முதல் பிரிவில் 13 சதவீதம், இரண்டாவதில் 28 சதவீதம். பாதிக்கும் குறைவு.

அந்த 39ஐப் பார்த்துக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெறும் அமில மாத்திரையில் தீவிர டிஸ்பிளேசியா மறையுமா? சிலருக்கு அமிலம் அடங்கியதில் வீக்கம் குறைந்து செல்களின் தோற்றம் தேறியிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் இது சதை எடுக்கிற முறையின் ஓட்டை. பல சென்டிமீட்டர் நீளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிள்ளி எடுக்கும்போது, போன தடவை மாட்டிய கெட்ட திட்டு இந்தத் தடவை மாட்டாமல் போகலாம். மாட்டாததை மறைந்தது என்று எழுதிவிடுகிறோம். நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்குள்ளும் தரம் சொல்வதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே எந்தச் சிகிச்சையானாலும் சரி, இத்தனை சதவீதம் குணம் என்ற விளம்பரத்தைத் தனியாகப் படிக்கக் கூடாது, எதிர்ப்பக்கத்தில் ஒன்றும் செய்யாதவர்களுக்கு எத்தனை என்று கேட்க வேண்டும். இந்த ஆய்வில் என்னைப் பொறுத்தவரை உருப்படியான எண்கள் 13ம் 28ம்தான்.

இனி கசப்பான பக்கம். சிகிச்சை பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் சுருங்கியது. ஆழமாகச் சிதைந்த இடம் ஆறும்போது வடுவாகி இறுகுகிறது, தீக்காயம் ஆறிய கை மடங்கிப்போவது போல. மறுபடி மறுபடி ஸ்கோப் போட்டுப் பலூனாலோ குச்சியாலோ விரிக்க வேண்டும், சிலருக்கு அது பல தடவை நடந்தது. உணவுக்குழாயைக் காப்பாற்ற வந்த சிகிச்சை, மூன்றில் ஒருவருக்குச் சோறு இறங்காமல் செய்தது. இன்னொரு தொல்லை, மேலே புதுப் பூச்சு பளபளவென்று மூடியிருக்க, அதன் அடியில் பழைய பாரெட் சுரப்பிகள் கொஞ்சம் புதைந்து கிடந்தன. ஸ்கோப்பில் பார்த்தால் தெரியாது. ஒரு பக்கம் ஒளி தேவைக்கு மேல் ஆழமாகப் போனது, இன்னொரு பக்கம் ஒரே சீராகப் போகவில்லை.

அப்புறம் அந்த ஒரு மாதம். அந்த ஆய்வில் 69 சதவீதம் பேருக்கு வெளிச்சத்தால் தோல் தொந்தரவு வந்தது, இவ்வளவுக்கும் எல்லோருக்கும் எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். குறைந்தது 30 நாள், சிலருக்கு 90 நாள் வரை. சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். உதவாது. சன்ஸ்கிரீன் தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தை உசுப்புவதோ கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் சுடும், தலைக்கு மேல் தொங்கும் ஆபரேஷன் விளக்கும் சுடும், பல் மருத்துவரின் நாற்காலி விளக்கும் சுடும். அதற்காக இருட்டறையில் போய் அடைந்துகொள்ளவும் கூடாது, இதுதான் பலருக்குப் புரியாத இடம். வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து வெளுக்கவைக்கிறது. ஒரு மாதம் முழு இருட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தால் மருந்து அப்படியே காத்திருக்கும். டிவி பார்க்கலாம், சாதாரண பல்பு வெளிச்சத்தில் தள்ளி உட்கார்ந்து படிக்கலாம், வெளியே வேலை இருந்தால் இருட்டிய பிறகு போகலாம். அறுபது வயது ஆள் ஒருவர் ஒரு மாதம் தோட்டத்துப் பக்கம் போகாமல், பகலில் கார் ஓட்டாமல், தபால் பெட்டி வரை நடக்காமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் மே மாதம் இந்த ஊசியைப் போட்டுவிட்டு ஒருவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மாற்று வந்தவுடன் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ரேடியோ அலையால் சூடேற்றிப் பூச்சை மட்டும் பொசுக்கும் முறை அது. பலூனைச் சுற்றி நெருக்கமாக மின்முனைகள், ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்சாரம், வெந்துபோவது ஒரு மில்லிமீட்டருக்குள். ஆழத்தைக் கருவியே தீர்மானித்துவிடுகிறது. 2009இல் அமெரிக்க மருத்துவர் நிக்கோலஸ் ஷஹீனின் குழு 127 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில் தீவிர டிஸ்பிளேசியா 81 சதவீதம் பேருக்கு மறைந்தது, பொய்ச் சிகிச்சை பெற்றவர்களில் 19 சதவீதம். குழாய் சுருங்கியது 6 சதவீதம் பேருக்குத்தான். வெயில் கட்டுப்பாடு கிடையாது. 77, 81 என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெற்றி விகிதத்தில் பெரிய தூரம் தெரியவில்லை, இரண்டும் வேறு வேறு ஆய்வுகள் என்பதால் நேராக ஒப்பிடவும் கூடாது. ஆனால் 36க்கும் 6க்கும் உள்ள தூரமும், அந்த ஒரு மாதமும் போதுமானதாக இருந்தன. இப்போது மேடாகத் தெரியும் இடத்தை ஸ்கோப் வழியாகவே சீவி எடுத்துவிட்டு, மீதிப் பூச்சை ரேடியோ அலையால் பொசுக்குவதுதான் வழக்கம். குழாயை அறுத்து எடுப்பது, ஆழமாக ஊடுருவிய புற்றுநோய் என்று தெரிந்தால்தான்.

இதற்கிடையில் ஒளிச் சிகிச்சைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தோலில் மாதக்கணக்கில் தங்காத மருந்து வேண்டும், ஆழமாகப் போகாத வேலை வேண்டும் என்று தேடினார்கள். அமினோலெவுலினிக் அமிலம் என்று ஒன்று, வாயால் குடிக்கலாம். அது தானே ஒளிமருந்து கிடையாது, செல்லுக்குள் போன பிறகு செல்லே தன் ஹீம் தயாரிக்கும் பட்டறையில் அதை ஒளிமருந்தாக மாற்றிக்கொள்கிறது. பெரும்பாலும் மேல்பூச்சில்தான் சேரும், தசையில் சேராது, ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். 2000இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராஜர் அக்ராய்ட் குழு, லேசான டிஸ்பிளேசியா உள்ள 36 பேரிடம் பச்சை ஒளியோடு இதைச் சோதித்தது. மருந்து பெற்ற 18 பேரில் 16 பேருக்குப் பலன், போலி மருந்து பெற்ற 18 பேரில் 2 பேருக்கு. பச்சை ஒளி சிவப்பைப் போல ஆழமாகப் போகாது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதற்குள் ரேடியோ அலை வாசலில் வந்து நின்றுவிட்டது.

வேறு இடங்களில் இந்த யோசனை நன்றாகவே பிழைத்துக்கொண்டது. கண் மருத்துவத்தில் விழித்திரைக்கு அடியில் நீர் கசிபவர்களுக்கு வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கையில் ஏற்றி, கண்ணுக்குள் சிவப்பு ஒளி பாய்ச்சுகிறார்கள். அதற்கு வெயில் விலக்கு ஐந்து நாள்தான்.

உணவுக்குழாயிலேயே இது திரும்பி வந்த இடம் ஜப்பான். அங்கே பிரச்சினை பாரெட் கிடையாது, நம்மைப் போலவே தட்டைச்செல் புற்றுநோய். கீமோவும் ரேடியேஷனும் கொடுத்த பிறகு அதே இடத்தில் மறுபடி முளைத்துவிடும் சிலருக்கு. ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட திசுவில் அறுவைசிகிச்சை செய்வது ஆபத்து, ரேடியேஷன் மறுபடி கொடுக்க முடியாது, ஸ்கோப்பில் சீவி எடுக்கலாம் என்றால் வடுவாகி ஒட்டிக்கிடக்கிறது. மேல்பூச்சை மட்டும் பொசுக்கும் கருவிகளும் உதவாது, கட்டி அதற்குக் கீழே, சில சமயம் தசை வரை இறங்கியிருக்கிறது. இந்த நோயாளிகளுக்கு 2015இல் ஜப்பான் டாலபோர்ஃபின் என்ற மருந்தை அனுமதித்தது. ஊசி போட்டு நாலு முதல் ஆறு மணி நேரத்தில் 664 நானோமீட்டர் சிவப்பு, பிறகு இரண்டு வாரம் வெளிச்சக் கட்டுப்பாடு. 26 பேரிடம் நடத்திய ஆய்வில் 23 பேருக்கு அந்த இடத்தில் கட்டி முழுதாக மறைந்தது. பாரெட் நோயாளிகளின் குழாயைச் சுருக்கிய அதே ஆழம்தான் இங்கே தசை வரை இறங்கிய கட்டியை எட்டிப் பிடிக்கிறது.